ஓவியங்கள் ஊர் தேடிப் போன காலம்: ஸ்பெயினின் நடமாடும் அருங்காட்சியகம், 1932–1936

உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. ஆயினும் இவ்வழக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்பெயினில் அவ்வரலாறு ஓர் அரசியல் மோதலில் தொடங்குகிறது. அரசும் திருச்சபையும் வகுத்த எல்லைக்குள் மட்டுமே பாடம் நடத்த வேண்டும் என்ற ஆணையை எதிர்த்ததால் பல்கலைக்கழகப் பதவியை இழந்த பேராசிரியர்கள், பிரான்சிஸ்கோ ஹினெர் தெ லோஸ் ரியோஸ் தலைமையில் 1876இல் மாட்ரிட் நகரில் சுதந்திரக் கல்வி நிறுவனத்தை நிறுவினர். உயர்கல்விக்கெனத் தொடங்கிய அந்நிறுவனம் விரைவிலேயே பள்ளிக் கல்விக்குத் திரும்பியது. பாடநூல் மனப்பாடத்தையும் தேர்வையும் ஒதுக்கிவிட்டு, மாணவர்களை மலைகளுக்கும் பட்டறைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அழைத்துச் சென்றது. நேரில் காண்பதே அங்கு முதற்பாடம்.

அந்நிறுவனத்தில் மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் விளங்கியவர் மனுவேல் பார்த்தோலோமே கோசியோ (1857–1935). நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த எல் கிரேக்கோவை மீண்டும் கலை வரலாற்றின் நடுவே நிறுத்தியதில் 1908இல் வெளிவந்த அவரது நூலுக்குப் பெரும் பங்குண்டு. ஓவியத்தின் முன் மாணவர்களை நிறுத்திப் பார்க்கப் பழக்கிய அவருக்கு ஒரு கேள்வி எஞ்சி நின்றது. 1819இல் திறக்கப்பட்ட பிராதோ அருங்காட்சியகம் மாட்ரிட்டில் இருக்கிறது; சாலையும் மின்விளக்கும் எட்டாத சிற்றூர்ப் பிள்ளைகள் வெலாஸ்கெத்தை எங்ஙனம் காண்பர்?

1931 ஏப்ரலில் குடியரசு மலர்ந்தது. மே 29ஆம் நாள் பிறந்த அரசாணை 'கல்விப் பணிக்குழுக்கள்' என்னும் அமைப்பை உருவாக்கி, முதுமையும் நோயும் தளர்த்தியிருந்த கோசியோவை அதன் தலைவராக்கியது. நூலகம், திரைப்படம், இசைத்தட்டு, நாடகம், பொம்மலாட்டம் ஆகியவற்றோடு ஓர் அருங்காட்சியகமும் ஊர் ஊராகப் புறப்பட்டது. மூல ஓவியங்களை எடுத்துச் செல்ல இயலாது. எனவே ரமோன் கயா, ஹுவான் பொனாஃபே, எதுவார்தோ விசென்தே ஆகிய இளம் ஓவியர்கள் பிராதோவின் புகழ்பெற்ற படைப்புகளைப் பார்த்துப் படி எடுத்தனர். முதல் தொகுதியில் 14 ஓவியங்கள் இருந்தன. 1932 அக்டோபரில் எல் பார்கோ தெ ஆவிலா என்னும் ஊரில் முதற்காட்சி நடைபெற்றது.

லாரியில் வந்திறங்கும் படங்கள் ஊர் மன்றத்திலோ பள்ளிக்கூடத்திலோ மாட்டப்படும். உடன் வரும் இளைஞர்கள் சில நாள் அங்கேயே தங்கி, வருவோருக்கு ஒவ்வொரு படத்தையும் விளக்குவர். பின்னாளில் பெருங்கவிஞராக அறியப்பட்ட லூயிஸ் செர்னூதாவும் அவ்வாறு பணியாற்றியவரே. புறப்படும்போது அவ்வோவியங்களின் நிழற்படப் பிரதிகள் ஊருக்கு விட்டுச்செல்லப்பட்டன. பார்வையாளர்களுள் மாணவரும் உண்டு, எழுத்தறியாத முதியோரும் உண்டு. இருவருக்கும் பெரும்பாலும் அதுவே முதல் ஓவியக் காட்சி.

தெரிவு செய்யப்பட்ட படங்களும் கருதத்தக்கவை. எல் கிரேக்கோ, ரிபேரா, முரில்லோ ஆகியோரின் சமயப் படங்களோடு, திருச்சபை விசாரணையின் தண்டனைக் களத்தைக் காட்டும் பெருகெத்தேயின் படமும் இருந்தது. பிரெஞ்சுப் படையினர் பெயரறியா எளியோரைச் சுட்டுக் கொல்வதைக் காட்டும் கோயாவின் 'மே 3, 1808' படமும் இருந்தது. அரண்மனைச் சுவர்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட கலையில் தம்மைப் போன்றவர்களும் இடம்பெற்றிருப்பதைச் சிற்றூர் மக்கள் கண்டனர்.

இம்முயற்சி விமரிசனத்திற்கு அப்பாற்பட்டதன்று. பசித்தவனுக்கு ஓவியம் எதற்கு என்ற வினா அன்றே எழுந்தது. அமைப்பின் நாடகக் குழுவை நடத்திய அலெஹாந்த்ரோ கசோனாவே, சனாப்ரியா பகுதியின் வறுமையைக் கண்டபின், அம்மக்களுக்கு முதலில் தேவைப்பட்டவை உணவும் மருந்துமே என ஒப்புக்கொண்டார். 1934இல் அங்குச் சென்ற குழு சமூக உதவிப் பணிகளையும் சேர்த்தே மேற்கொண்டது. எனினும், வறியவருக்குச் சோறு மட்டுமே போதும், அழகு வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்ற கோசியோவின் தரப்புக் கேள்வி இன்றும் வலுவிழக்கவில்லை.

1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. நவம்பரில் பிராதோவின் மீதே குண்டுகள் விழுந்தன. படிகள் பயணம் செய்த நாட்டில் இப்போது மூலங்கள் லாரி ஏறின. வலென்சியா, கத்தலோனியா வழியாக அவை 1939இல் ஜெனீவாவை அடைந்தன. 1938இல் பெனிகார்லோ ஊரைக் கடக்கையில் வீட்டு மாடமொன்று இடிந்து விழ, கோயாவின் மே 2, மே 3 ஓவியங்கள் இரண்டும் கிழிந்தன. பின்னர் அவை செப்பனிடப்பட்டன. படங்களோடு ஊர்களுக்குச் சென்றவர்களில் கயா, செர்னூதா உள்ளிட்ட பலர் நாடு கடந்து வாழ நேர்ந்தது.

இன்று பிராதோவில் 'மே 3' படத்தின் முன் நிற்கும் மாணவர் குழுவிற்குச் சொல்லத்தக்க செய்தி, அதன் வண்ணத்தையும் ஒளியையும் பற்றியது மட்டுமன்று. அப்படத்தின் படியொன்று, பிராதோவின் வாசலை மிதித்தறியாத தம் வயதுப் பிள்ளைகளைத் தேடிச் சென்றது என்பதும் அவர்கள் அறிய வேண்டிய வரலாறே.