கானா

கானா: வடசென்னை உழைக்கும் மக்களின் பாட்டு வகை. ‘பாட்டு’ எனப் பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பர். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு ஆகிய பகுதிகளில், குறிப்பாகத் தலித் குடியிருப்புகளில், வேரூன்றியது.

சாவு வீட்டில் இரவு முழுவதும் பாடப்படுவது மரண கானா. இறந்தவரின் பெயரையும் குணத்தையும் பாடகர் அப்போதே பாட்டில் கோப்பார். அழுகைக்கு நடுவே கேலியும் வரும். டோலக் இல்லாத இடத்தில் தீப்பெட்டியும் மேசைப் பலகையுமே தாளம். கறுப்பின அமெரிக்கரின் தேவாலயப் பாட்டிலிருந்து ‘சோல்’ இசை கிளைத்ததுபோல, கானாவும் துக்க வீட்டுப் பந்தலில் வளர்ந்து மேடையேறியது.

1990களில் இசையமைப்பாளர் தேவா திரையில் இதைப் பரவலாக்கினார். ‘சித்திரம் பேசுதடி’ (2006) படத்தால் கானா உலகநாதனும், ‘அட்டகத்தி’ (2012) படத்தால் கானா பாலாவும் ஊரறிந்த பெயர்களாயினர். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தியது. கானாவோடு ராக், ராப் இசையைச் சேர்த்துச் சாதி எதிர்ப்பைப் பாடியது.