கை மாறி வந்த சைக்கிள்கள்

நம் குடியிருப்புகளின் பார்க்கிங்கை ஒரு சுற்று சுற்றி வந்தால் இரண்டு வகை சைக்கிள்களைப் பார்க்கலாம். தினமும் துடைக்கப்படும் ஒன்றிரண்டு. மாடிப்படிக்குக் கீழேயும் ஜெனரேட்டர் அறையை ஒட்டியும் டயர் தட்டிப்போய் நிற்கும் பல. ஒவ்வொரு பொதுக்குழுவிலும் இந்த இரண்டாவது வகையை அப்புறப்படுத்த வேண்டும் என்று யாராவது எழுந்து சொல்வார்கள். பிறகு அது காயலான் கடைக்கு எடைக்குப் போகும். அதே கூட்டம் முடிந்ததும் ஒரு இளைஞர் வந்து, "ரோடு பைக் வாங்க ஆசை சார், புதுசுக்குக் கட்டுப்படியாகாது, பழசு வாங்கலாமா?" என்று கேட்பார். ஒரு காலத்தில் சென்னையில் யாரும் கேட்டிருக்காத கேள்வி இது. பழைய சைக்கிள் வாங்குவதுதான் அப்போது வழக்கம். அந்த வழக்கம் எதன் மேல் நின்றது, பிறகு ஏன் தளர்ந்தது என்று தெரிந்தால், இன்று பழைய ரோடு பைக் வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்று நாம் ஓட்டும் வடிவத்தில், இரண்டு சம சக்கரங்களும் செயினும் கொண்ட சைக்கிளை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885-இல் 'ரோவர்' என்ற பெயரில் கொண்டுவந்தார். மூன்று வருடம் கழித்து டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. சென்னைக்கு வந்தவையெல்லாம் கப்பல் சரக்குதான்: ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ. (பி.எஸ்.ஏ. என்பது 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்' என்பதன் சுருக்கம். அடிப்படையில் அது துப்பாக்கிக் கம்பெனி. அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கும். அந்தத் துப்பாக்கிச் சின்னத்தோடு எத்தனை பேர் கபாலி கோயிலுக்குப் போய் வந்தார்களோ!) கப்பல் சரக்கு என்பதால் விலையும் அதற்கேற்ப. சாதாரண குமாஸ்தா ஒருவர் புதுச் சைக்கிள் வாங்குவது பெரிய காரியம். ஒரு வண்டி இரண்டு மூன்று கை மாறி உழைத்தது இயல்பே.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையே சைக்கிள் செய்யும் ஊராகிவிட்டது. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் நம் முருகப்பா குடும்பத்தாரும் கூட்டுச் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆலை அம்பத்தூரில். ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று நாம் வெள்ளைக்காரப் பெயர்களாக நினைத்தவையெல்லாம் ஆவடி ரயில் பாதைப் பக்கம் உருவான வண்டிகளாயின. அம்பத்தூரில் இன்றும் இருக்கும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனை, அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் தலைவர் பெயரைத் தாங்கியது. வடக்கே 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ.

பழைய சைக்கிள் வியாபாரத்துக்கு உயிர் கொடுத்தது இந்தக் கம்பெனிகளின் புதுமை அல்ல. சொல்லப்போனால், புதுமை இல்லாததுதான். அந்த உயரமான கறுப்பு வண்டி, 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முழு செயின் கவர் எல்லாம் ஐம்பது வருடம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஹெர்குலிஸின் பெடல் அட்லஸில் பொருந்தும். ஹீரோவின் பிரீவீல் பி.எஸ்.ஏ.வில் திரும்பும். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஆகவே வண்டிக்கு எத்தனை வயது என்பது பெரிய விஷயமில்லை. பிரேம் நேராக இருக்கிறதா என்பது மட்டும்தான் விஷயம். மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்.

மயிலாப்பூர்க்காரரோ தி.நகர்க்காரரோ சைக்கிள் வாங்க வேண்டுமென்றால் பூக்கடைப் பக்கம் ரத்தன் பஜாருக்குப் போவார். 1953 வரை டிராம் இருந்தது. டிராமில் போய், வண்டியில் திரும்பிவிடலாம். பழைய பொருள் தேடுகிறவர்களுக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் மூர் மார்க்கெட். 1900-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதம் எரிந்து போகும்வரை, நம் வீட்டில் தொலைந்தது அங்கே கிடைக்கும் என்று சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு.

ஆனால் பெரும்பாலான பழைய சைக்கிள்கள் பஜாருக்கே போனதில்லை. தெருமுனை சைக்கிள் கடையிலேயே கை மாறின. அந்தக் கடைக்காரர் மணிக் கணக்கில் வாடகைக்கு விடுவார், பஞ்சர் ஒட்டுவார், வருடத்துக்கு ஒருமுறை 'ஓவராயில்' செய்வார். ஓவர்ஹால் என்ற ஆங்கிலச் சொல்தான் நம் கடைகளில் எண்ணெயோடு கலந்து ஓவராயில் ஆகிவிட்டது. ஆனால் வேலை சரியான வேலை: வண்டியை முழுதாகப் பிரித்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, சக்கரத்தின் கோட்டம் எடுத்துத் திரும்பப் பூட்டுவது. அந்த வட்டாரத்தில் எந்த வண்டி எப்போது விழுந்தது, எதன் போர்க் வளைந்து நிமிர்த்தப்பட்டது என்பது அவருக்கு மனப்பாடம். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் அவர்தான் ஜாமீன். மோசமான வண்டியைத் தலையில் கட்டினால், மறுநாள் காற்றடிக்க வருகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. தமிழ்நாட்டின் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வருடா வருடம் வரி வாங்கிக்கொண்டு தகர வில்லை கொடுத்து வந்தன. வில்லை இல்லாமல் போனால் அபராதம். லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடிப்பார். மக்களுக்கு அது தொல்லைதான். ஆனால் வண்டிக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. கடை பில்லில் பிரேம் நம்பர் இருக்கும். விற்கும்போது அந்த பில்லும் சேர்ந்து கை மாறும். இரும்புப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு சைக்கிள் பில்லை வைத்திருந்த பெரியவர்கள் அப்போது பலர்.

1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், மிதிக்க வேண்டாம். அலுவலகத்துக்கு சைக்கிளில் போனவர்கள் மெல்ல மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் மாறினார்கள். சைக்கிள் பள்ளிப் பிள்ளைகளின் வண்டியாகவும், பால், பேப்பர், தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர்களின் வண்டியாகவும் சுருங்கியது. எடை குறைந்த பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர்., வளைந்த ஹேண்டில்பாரோடு வந்த ஹீரோ ஹாக் போன்றவை இளைஞர்களின் ஆசையாக இருந்தன. வாடகை சைக்கிள் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த ஜாமீன்தாரர் போய்விட்டார் என்று அப்போது யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கியர் வைத்த வெளிநாட்டு மாடல்கள் 2005-ஐ ஒட்டிப் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின. விடியற்காலை ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்வரும் கூட்டம் உருவானது. 2020 ஊரடங்கில் கடைகளில் சரக்கே இல்லாத அளவுக்கு சைக்கிள் விற்றது. அந்த வருடம் ஆர்வத்தோடு வாங்கப்பட்டவைதான் இன்று நம் பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்பவற்றில் பாதி என்பது என் ஊகம். ஆக, பழைய ரோடு பைக் வாங்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பு வண்டியின் நியாயம் இங்கே செல்லாது.

காரணம், எல்லாவற்றுக்கும் பொதுவான அளவு என்று ஒன்று இன்று இல்லை. பழைய ரேஸ் மாடல் வண்டிகளின் 27 அங்குல ரிம்மின் விட்டம் 630 மில்லிமீட்டர். இன்றைய ரோடு பைக்குகளின் 700சி ரிம்மோ 622. எட்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 27 அங்குலத்துக்கு டயர் தேடி அலைவது தனி வேலை. பின்சக்கரப் பல்சக்கரங்கள் 7 முதல் 12 வரை வருகின்றன, 7, 8 இரண்டுக்கும் ஒரே அகலச் செயின் போதும், அதற்கு மேல் போகப் போக செயினின் அகலம் குறைந்துகொண்டே போகும். ஷிமானோவின் டூர்னி, கிளாரிஸ் வகை 7, 8 கியர் வண்டிகளுக்கு உதிரி பாகம் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். 11 கியர் வண்டி குறைந்த விலைக்கு வருகிறதே என்று வாங்கிவிட்டு, செயினும் கேசட்டும் மாற்றும்போது திகைத்துப் போகிறவர்கள் உண்டு. கை இறுக்கமாக உள்ளவருக்கு என் சிபாரிசு 8 கியர் வண்டிதான். ஓட்டத்தில் அப்படியொன்றும் குறைந்துவிடாது.

முதலில் அளவு. பிரேமின் மேல் பாருக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றால் இடைவெளி இருக்க வேண்டும். ஐந்தடி நாலு அங்குலம் உள்ளவருக்கு ஆறடிக்காரரின் வண்டியைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். முதுகுவலிக்குச் செலவழிப்பீர்கள். அடுத்தது பிரேம். ஹேண்டில்பார் சேரும் இடத்துக்குப் பின்னால் கீழ்க் குழாயில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் வண்டி எதிலோ முட்டியிருக்கிறது. கார்பன் போர்க்கில் கீறல் இருந்தால் பேச்சே வேண்டாம்.

நம் பகுதிக்கென்றே இரண்டு சோதனைகள் உண்டு. பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் உப்புக்காற்று. சீட் போஸ்ட்டைத் தளர்த்தி ஏற்றி இறக்கிப் பாருங்கள். அசையவில்லை என்றால் உலோகங்கள் அரித்து ஒட்டிக்கொண்டுவிட்டன, பிரிப்பது பெரும்பாடு. இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ தரைத்தளங்களில் தண்ணீர் நின்றது. மேலே துடைத்துப் பளபளப்பாக்கிவிடலாம், பெடல் அச்சின் பேரிங்குக்குள் போன சேற்றைத் துடைக்க முடியாது. செயினைக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் சுற்றினால் கரகரப்பு தெரியும்.

செயினுக்கு சாதாரண ஸ்கேல் போதும். ஒரு பின்னில் தொடங்கி 12 அங்குலம் அளந்தால் இன்னொரு பின் சரியாக அங்கே நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் பல்சக்கரமும் போயிருக்கும். அந்தச் செலவைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். எப்படியும் டயர், டியூப், கேபிள், பிரேக் கட்டை என்று செலவு வரும். கையில் இருக்கும் தொகையில் கால் பங்கை அதற்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் பேரம் பேச வேண்டும்.

பில்லைக் கேளுங்கள். இல்லை என்றால், பெடல் அச்சு இருக்கும் கூட்டின் அடியில் பொறித்த நம்பரைக் குறித்துக்கொண்டு, விற்பவர் கையெழுத்தோடு ஒரு சீட்டாவது எழுதி வாங்குங்கள். நம்பரைச் சுரண்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317. வில்லையும் பதிவேடும் போன பிறகு இந்தச் சீட்டுதான் மிச்சம்.

ஐ.ஐ.டி. வளாகத்தில் படிப்பு முடிந்து போகிறவர் தன் சைக்கிளை அடுத்து வருகிறவருக்கு விற்றுவிட்டுப் போவது பழைய பழக்கம். வண்டியைத் தெரிந்தவர்களிடையே அது கை மாறுகிறது. நம் குடியிருப்பும் அப்படிப்பட்ட இடம்தான். எந்த வண்டி எந்த பிளாட்டைச் சேர்ந்தது, எவ்வளவு ஓடியது, வெள்ளத்தில் நின்றதா என்று வாட்ச்மேனுக்கே தெரியும். எடைக்குப் போடும் முன் ஒரு மாதம் நோட்டீஸ் ஒட்டி, உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை வரவழைத்து, தேறும் வண்டிகளைப் பிரித்து வைக்கலாம் என்று செயற்குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரோடு பைக் கேட்கும் இளைஞருக்கு ஒன்று தேறலாம். வேளச்சேரியிலிருந்து பஸ் மாறி மாறி வேலைக்கு வருகிற நம் வீட்டு உதவியாளர்கள் சிலர் சாதாரண சைக்கிள் கிடைத்தால் போதும் என்கிறார்கள். தங்கள் வண்டியைத் தரச் சம்மதிப்பவர்கள் பிளாட் எண்ணையும் வண்டியின் நிறத்தையும் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதிவைக்கவும்.