கேட்டதை எழுதியவர்

எங்கள் ஊருக்கு யாராவது வந்தால் பயறணீசுவரர் கோயிலையும் காண்டீப தீர்த்தத்தையும் ஜமீன் அரண்மனையையும் காட்டுவோம். தமிழறிஞர் உ.வே.சாமிநாதையர் பேச்சை எடுக்கமாட்டோம். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது ஒரு மனக்குறை.

எங்கள் ஊர் ஜமீன்தார் கச்சி யுவரங்க உடையார் ஆதரித்த சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையர். பொப்பிலி கேசவையாவிடம் கன மார்க்கம் என்ற பாடும் முறையைக் கற்றவர். சாமிநாதையருடைய தகப்பனார் வேங்கடசுப்பையருக்கு அம்மான் முறை. பாட்டுக்குக் குருவும் அவரே. 1855இல் ஐயர் பிறக்கும்போது கிருஷ்ணையர் இல்லை. ஆனால் அவர் வரலாற்றை ஐயர் 1936இல் புத்தகமாகவே போட்டார். நேரில் பாராத மனிதரை எப்படி எழுதுவது? தகப்பனார் வாயிலாகக் கேட்ட கதைகள்தான் கைம்முதல்.

அந்தத் தகப்பனார் இராமாயணப் பிரசங்கம் செய்து, ஆதரிப்பவர் இருக்கும் ஊரெல்லாம் குடும்பத்தோடு போனவர். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஊருக்கு ஓர் ஆசிரியர் பையனுக்கு வாய்த்தார். பிறகுதான் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1880இல் கும்பகோணம் காலேஜில் வேலை, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1919இல் ஓய்வு. ஐயர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறிய கதை ஊரறிந்தது, விட்டுவிடுகிறேன்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876இல். அவர் சரித்திரத்தை ஐயர் இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934இல். அரை நூற்றாண்டுக்கு மேல் மனசில் ஊறிய விஷயம் அது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தோம். ஐயர் கட்டுரையில் ஒருவர் வருவார், திண்ணையில் உட்காருவார், ஏதோ சொல்வார். அந்தக் காலமே கண்முன் வந்துவிடும். அவருடைய கட்டுரைத் தொகுப்பான ‘நினைவு மஞ்சரி’யைக் கையில் கொடுத்திருந்தால் பிள்ளைகள் இன்னும் நன்றாக எழுதியிருப்பார்கள் என்பது என் கட்சி. மதிப்பெண் கிடைத்திருக்குமா என்பது வேறு பேச்சு.

தன் வாழ்க்கை வரலாறான ‘என் சரித்திர’த்தை 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கும்போது ஐயருக்கு வயது 85ஐ நெருங்கிவிட்டது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தார். தொடர் 122 அத்தியாயத்தோடு நின்றது. நூலாக வந்தது 1950இல். எஞ்சிய வாழ்க்கையை ‘என் ஆசிரியப்பிரான்’ என்று எழுதியவர் அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன்.