உதட்டுக் கொப்புளம்: அடங்கிக் கிடக்கும் வைரஸ் மீண்டும் எழுவது ஏன்?

உதட்டின் ஓரத்தில் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி, உடைந்து, பொருக்குக் கட்டி, 7 முதல் 10 நாட்களில் ஆறிவிடும். சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வரும். பூச்சி கடித்தது என்றும், உடல் சூடு என்றும் பலர் இதனைக் கருதுகின்றனர். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ் ஆகும். உலகில் 50 வயதிற்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இவ்வைரஸ் உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எனவே, இதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

வைரஸ் எங்கே தங்குகிறது?

பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே உமிழ்நீர் வழியாகவோ முத்தத்தின் வழியாகவோ இவ்வைரஸ் தொற்றுகிறது. சில குழந்தைகளுக்கு அப்போது காய்ச்சலும், ஈறு வீக்கமும், வாய் முழுவதும் புண்களும் உண்டாகும். வலியால் நீர் அருந்த மறுக்கும் குழந்தைக்கு உடலில் நீரிழப்பு ஏற்படாமல் காப்பதே அந்நாட்களில் முதன்மையான கவனிப்பாகும். பலருக்கு எவ்வித அறிகுறியும் இராது. பின்னர் வைரஸ் முகத்திற்கு உணர்வளிக்கும் நரம்பின் முடிச்சில் சென்று உறங்கும் நிலையில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. அதனை முற்றிலும் அகற்றும் மருந்து இதுவரை இல்லை.

அதனை எழுப்புபவை

வெயில் இவற்றுள் முக்கியமானது. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் உதட்டின் மெல்லிய தோலைத் தாக்கி, அங்குள்ள நோய் எதிர்ப்பாற்றலைத் தற்காலிகமாகத் தாழ்த்துகின்றன. வயல்வேலை, கட்டடவேலை, மீன்பிடித்தல் என நாள் முழுதும் திறந்தவெளியில் உழைப்போர் அகன்ற விளிம்புள்ள தொப்பியோ தலைத்துண்டோ அணிவதும், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட உதட்டுப் பூச்சினைத் தடவுவதும் பயன் தரும். ஒருமுறை தடவினால் போதாது. உண்ணும்போதும் வியர்வையாலும் அது அழிந்துவிடும் என்பதால் மீண்டும் மீண்டும் தடவ வேண்டும்.

காய்ச்சல், சளி, மன அழுத்தம், உறக்கக் குறைவு, மாதவிடாய், உதட்டில் படும் காயம், பல் சிகிச்சை ஆகியவையும் தூண்டக்கூடும். எல்லோருக்கும் எல்லாமே தூண்டுவதில்லை. கொப்புளம் வந்த நாளையும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களின் நிகழ்வுகளையும் குறித்து வந்தால், உங்களைத் தூண்டுவது எது என்பது சில மாதங்களில் புலப்படும். வேர்க்கடலை, சாக்லேட் முதலியவற்றை விலக்கினால் வராது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. விரும்பிய உணவை வீணாகத் துறக்க வேண்டாம்.

கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் அடியிலோ வட்டமாக, வெண்மையாகத் தோன்றும் சாதாரண வாய்ப்புண் வேறு. அது இவ்வைரஸால் வருவதன்று, பிறருக்குத் தொற்றுவதுமில்லை.

சிகிச்சை

கொப்புளம் எழுவதற்குச் சில மணிநேரம் முதல் ஒரு நாள் முன்பே அவ்விடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல் அல்லது அரிப்பு தோன்றும். அசைக்ளோவிர் போன்ற மருந்தை அப்போதே தொடங்கினால்தான் பலன் மிகுதி. பொருக்குக் கட்டிய பின் தொடங்குவதால் பெரிதாக மாற்றம் இராது. அடிக்கடி வருமாயின், முன்கூட்டியே மருந்தை வைத்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சுண்ணாம்பு, பற்பசை போன்றவற்றைப் பூச வேண்டாம். மருத்துவர் கூறாமல் ஸ்டீராய்டு களிம்பும் கூடாது. பல் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் முன்னரே தெரிவியுங்கள். அவசரமில்லாத சிகிச்சையைப் புண் ஆறும்வரை தள்ளிவைப்பது வழக்கம்.

பிறரைக் காத்தல்

கொப்புளம் உள்ள நாட்களில் தொற்று எளிதில் பரவும். புண் தென்படாதபோதும் சில வேளைகளில் உமிழ்நீரில் வைரஸ் வெளிப்படும். குவளை, துண்டு, உதட்டுச்சாயம் ஆகியவற்றைப் பகிர வேண்டாம். புண்ணைத் தொட நேர்ந்தால் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கழுவாத கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

பச்சிளங்குழந்தையை முத்தமிடுவதை உதட்டுப்புண் உள்ளவர் முற்றிலும் தவிர்க்க வேண்டும். பிறந்து நான்கு வாரங்கள் நிறையாத சிசுவுக்கு இத்தொற்று மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தையைக் காணவரும் உறவினரிடம் இதனைச் சொல்லத் தயங்காதீர்கள். பாட்டியானாலும் அத்தையானாலும் புண் ஆறும்வரை பொறுத்திருக்கலாம்.

சிசு பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் அல்லது கொப்புளம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். புண்ணுடன் கண் சிவத்தல், கண்வலி, பார்வை மங்கல் இருப்போரும் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர், கரப்பான் எனப்படும் எக்ஸிமா உள்ளோர் ஆகியோர் புண் தானே ஆறட்டும் எனக் காத்திராமல் தொடக்கத்திலேயே மருத்துவரை அணுக வேண்டும். மற்றவர்கள், 10 நாட்களாகியும் ஆறாவிட்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.