வெட்ட மனமில்லாத கேக்: தின்னக்கூடிய படங்களின் கதை

போன வருசம் அம்மம்மாக்கு எழுபது வயசு. கட்டைபறிச்சானில பேரப்பிள்ளைகள் எல்லாரும் காசு சேர்த்து ஒரு போட்டோ கேக் ஓடர் பண்ணினம். மேல அம்மம்மாட இளவயசுப் படம். கத்தியைக் கையில குடுத்தால் மனுசி வெட்டவே மாட்டன் எண்டுட்டா. "என்ர முகத்த நானே வெட்டுறதா பிள்ளை?" கடைசியில ஓரத்தில இருந்து வெட்டினம். முகம் மட்டும் நடுவில மிஞ்சிக் கிடந்தது.

சாப்பாட்டில படம் எப்ப வந்தது எண்டு அதுக்குப் பிறகுதான் தேடத் தொடங்கினன்.

விசயம் பழசு. எங்கட மொழியிலயே இருக்கு: புத்தகம் அடிக்கிறதும் அச்சு, முறுக்கு சுடுறதும் அச்சு. வங்காளத்தில சந்தேஷ் இனிப்பை மீன், பூ வடிவ அச்சில அழுத்தி எடுப்பாங்கள். ஜேர்மன் மொழி பேசுற ஊர்களில நத்தாருக்கு ஸ்ப்ரிங்கர்லே எண்டு ஒரு பிஸ்கட். செதுக்கின மரப்பலகையில மாவை அழுத்தினா உருவம் எழும்பும். கத்தோலிக்கக் கோயில்களில குடுக்கிற அப்பத்திலயும் சிலுவை அச்சு இருக்கும். மத்தியகால ஐரோப்பாவில ரெண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில மாவை ஊத்தி அதைச் சுட்டார்கள். ஆனா அச்சுக்கு ஒரு எல்லை இருக்கு. ஒருக்கா செதுக்கினா ஆயிரம் பேருக்கும் அதே பூ, அதே மீன்தான். ஒரு சாதாரண வீட்டு மனுசியின்ர முகத்துக்காக யாரும் பலகை செதுக்கமாட்டினம்.

அதை மாத்தினது இங்க்ஜெட். 1977இல கேனன் கம்பனியின்ர ஆய்வாளர் இச்சிரோ எண்டோ ஒரு சம்பவத்தைக் கவனித்தார். சூடான சோல்டரிங் அயன் தற்செயலா மை நிரப்பின ஊசியில பட, மை நுனியால பீச்சியடித்தது. சூட்டில வாற குமிழ் மையைத் தள்ளுது. கிட்டத்தட்ட அதே காலத்தில அமெரிக்காவில எச்.பி. கம்பனியும் இதே வழியைக் கண்டுபிடித்தது. 1984இல எச்.பியின் திங்க்ஜெட்டும் 1985இல கேனனின் பிஜே-80உம் விற்பனைக்கு வந்தன. இங்க்ஜெட் தாளை அழுத்துறதில்லை, சொட்டுச் சொட்டாத் தெளிக்குது. அப்ப தாளுக்குப் பதிலா மாத்தாளையும், மைக்குப் பதிலா உணவு நிறத்தையும் வைத்தால் என்ன? 1990களில அமெரிக்க பேக்கரிகளில போட்டோ கேக் வந்தது இப்பிடித்தான்.

இண்டைக்கு இதை வீட்டிலயே தொடங்கலாம். தொடங்க முதல் சில விசயம். பிரிண்டர் புதுசா இருக்கவேணும். ஏற்கெனவே சாதாரண மை ஓடினதை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பாவிக்கக்கூடாது. லேசர் பிரிண்டர் சரிவராது. மை, உணவுக்கு எண்டு லேபலில தெளிவாப் போட்டிருக்கிறதா இருக்கவேணும். தாள் ரெண்டு வகை: மாச்சத்தும் சீனியும் சேர்ந்த ஐசிங் ஷீட்டில நிறம் வடிவா வரும், வேஃபர் பேப்பர் மலிவு, ஆனா மொறுமொறு எண்டு உடையும், நிறமும் மங்கல். பிரிண்டரிட்ட வெள்ளை மை இல்லை, தாளின்ர வெள்ளைதான் படத்தின்ர வெள்ளை. பட்டர் ஐசிங் காயமுதல் ஷீட்டை ஒட்டவேணும். ஒட்டின கேக்கை பிரிட்ஜில வைத்து வெளியில எடுத்தால் வேர்த்து நிறம் ஓடும். எங்கட கடற்கரை ஈரக்காத்துக்கு இன்னும் கெதியா ஓடும். மிச்ச ஷீட்டைக் காத்துப்போகாத பையில மூடிவைக்கவேணும். நாலைஞ்சு நாளுக்கு ஒருக்கா ஏதாவது பிரிண்ட் எடுக்காட்டி மை காய்ஞ்சு ஹெட் அடைச்சிடும்.

ஆனா மெசின் மட்டும் வந்தாப் போதாது. ஒரேயொரு படம் மட்டும் இருக்கிற வீட்டில யாரும் படத்தை வெட்டித் தின்னமாட்டினம். போட்டோ கேக்குக்கு முதல் தேவை பிரதி.

அம்மம்மா ஆக்கள் சம்பூர். 2006 ஏப்ரலில அங்க குண்டு விழ, சனம் கையில கிடைச்சதோட ஓடினது. அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கு ஆருக்கு நேரம்? பிறகு கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில கன குடும்பம் வருசக்கணக்கா இருந்தது. 2015இல காணி விடுவிக்கத் தொடங்கின பிறகுதான் திரும்பிப் போகக் கிடைத்தது. போய்ப் பார்த்தவைக்கு வீடே இல்லை, அல்பம் எங்க?

கேக்கில இருந்த படம் வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவரின்ர அல்பத்தில தப்பியிருந்தது. அவர் போனில படம் எடுத்து வட்ஸ்அப்பில போட்டார். எங்களுக்கு அது கேக்குக்கான ஒரு ஃபைல். அம்மம்மாக்கு, கல்யாணத்துக்கு முந்தின தன்ர முகத்தை இவ்வளவு காலத்துக்குப் பிறகு பார்க்கிறது. அதைப் பார்த்த உடன கத்தியைக் குடுத்தால் மனுசி என்ன செய்யும்?

இப்ப அந்தப் படம் எங்கட எல்லாற்ற போனிலயும் இருக்கு. ஒண்டை பிரேம் போட்டு அம்மம்மாட அறையில மாட்டியிருக்கிறம். அதை முதலே செய்திருக்கவேணும்.

நீங்களும் கேக்குக்கு எண்டு பழைய படம் தேடினால், முதல் அதை நல்ல வெளிச்சத்தில படம் எடுத்து ரெண்டு மூண்டு இடத்தில சேமியுங்கோ. படத்தில இருக்கிறது ஆர், எந்த ஊர், எந்த வருசம் எண்டு பெரியாக்களிட்ட கேட்டு எழுதிவையுங்கோ. பிறகு கேக்கில போடுங்கோ. பிறந்தநாள்காரரிட்ட படத்தை முதலே காட்டவும் மறக்கவேண்டாம்.