ஐரிஷ் கடலின் ஓதம்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கிடக்கும் ஐரிஷ் கடல், மகா சமுத்திரங்களோடு சேர்த்து எண்ணத்தக்க விஸ்தாரம் உடையதன்று. ஆயினும், சந்திரனுடைய ஆகர்ஷணத்தால் எழும் ஓதமானது கடலின் மேல்நீரையும் அடிநீரையும் எங்கே கலக்கிவிடும், எங்கே கலக்காமல் விட்டுவிடும் என்பதற்கு ஒரு திட்டமான கணக்கு முதன்முதலாகக் கிடைத்தது இச்சிறு கடலில்தான் என்பதை எண்ணும்போது, அதன் கதையைச் சற்று விரித்தே சொல்லத் தோன்றுகிறது.

தெற்கே செயின்ட் ஜார்ஜ் கால்வாய் வழியாகவும், வடக்கே ஸ்காட்லாந்தை ஒட்டிய இடுக்கு வழியாகவும் அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஓதம் நாளுக்கு இருமுறை இக்கடலினுள் புகுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் லிவர்ப்பூல் துறைமுகத்தில் நீர்மட்டம் 8 மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்குமாகையால், ஏற்றத்தின் நேரம் அறியாத மாலுமி அங்கே கப்பலைத் துறைக்குள் கொண்டுவருவது இயலாத காரியம். அத்தேவையை உணர்ந்தவர் வில்லியம் ஹட்சின்ஸன். கடலிலே பல காலம் உழன்று பின்னர் லிவர்ப்பூலில் கப்பல்துறைத் தலைவராக அமர்ந்த இவர், 1764-ஆம் ஆண்டு தொடங்கி 1793 வரை, ஒவ்வொரு ஏற்றத்தின் நேரத்தையும் உயரத்தையும் குறித்துவந்தார்; அக்குறிப்புகளைக் கொண்டு ஹோல்டன் குடும்பத்தார் 1770-இல் ஓத அட்டவணை ஒன்றை வெளியிட்டனர். பகலும் இரவும் துறையின் அருகே நின்று எண்களை எழுதிவைத்த அந்த மனிதரின் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அடுத்த நூற்றாண்டில், கடற்படை அதிகாரியாகிய பீச்சி என்பவர், நீர் எவ்வளவு உயருகிறது என்பதோடு அமையாமல், அது எத்திசையில் எவ்வளவு வேகத்தோடு ஓடுகிறது என்பதையும் இக்கடல் முழுவதிலும் அளந்தார். 1848-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் வியப்பூட்டும் இரண்டு இடங்கள் வருகின்றன. அயர்லாந்தின் கிழக்குக் கரையில் கோர்ட்டவுன் என்னும் ஊருக்கு அருகே நீரோட்டம் வேகமாக ஓடுகிறது, ஆனால் நீர்மட்டம் ஏறக்குறைய அசைவதே இல்லை. மான் தீவுக்குத் தென்மேற்கே நீர் 16 அடி முதல் 20 அடி வரை ஏறி இறங்குகிறது, ஆனால் ஓட்டம் என்று சொல்லத்தக்கது எதுவும் தென்படுவதில்லை. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் இரு ஓதங்களும் அவ்விடத்தில் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று தணித்துவிடுகின்றன. மாலுமிகளின் வசதிக்காகவே இவை குறிக்கப்பட்டன. அசையாத அந்த நீருக்கு வேறொரு முக்கியத்துவம் உண்டென்பது வெளிப்பட நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் வானசாஸ்திரத்திலிருந்து ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. பண்டைய கிரகணங்களின் குறிப்புகளை ஒப்புநோக்கிய வானசாஸ்திரி ஹாலி, சந்திரனுடைய கதி காலப்போக்கில் விரைவதுபோலத் தோன்றுவதை 1695-இல் எடுத்துக்காட்டினார்; 1754-இல் தத்துவஞானி காண்ட், ஓதத்தின் உராய்வினால் பூமியின் சுழற்சி மெல்லத் தளர்ந்துவருகிறது என்று எழுதினார். பூமி தளர்ந்தால் சந்திரன் விரைவதுபோலத் தோன்றுவது இயல்பே. அப்படித் தளர்வதாயின், பூமி இழக்கும் சக்தி எங்கே போய்ச் செலவாகிறது? இக்கேள்வியை ஐரிஷ் கடலை நோக்கித் திருப்பியவர் விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர். 1919-இல் அவர் மேற்கொண்ட வழி மிக அழகானது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் புல்தரைமேல் வீசும் காற்று தரையோடு எவ்வளவு உராய்கிறது என்பதை அவர் முன்னரே ஆராய்ந்திருந்தார். அதே விகிதத்தைக் கடலடியில் உராயும் நீருக்கும் பொருத்தி, ஐரிஷ் கடல் ஒரு நொடியில் விழுங்கும் சக்தியைக் கணித்தார். பின்னர், இரண்டு வாயில்களின் வழியாக ஓதம் உள்ளே கொண்டுவரும் சக்திக்கும் வெளியே கொண்டுசெல்லும் சக்திக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியே கணக்கிட்டுப் பார்க்க, இரண்டு விடைகளும் மிக நெருங்கி நின்றன. புல்வெளியில் பெற்ற ஓர் எண் கடலடியிலும் பொருந்தியது என்னும் இச்செய்தியைப் படிக்குந்தோறும் எனக்கு உவகை உண்டாகிறது.

டெய்லர் கணித்த சக்தியின் பெரும்பகுதி வெறும் உஷ்ணமாக மாறிப்போகிறது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நீரைக் கலக்கும் தொழிலில் செலவாகிறது. அச்சிறு பங்கே கடலின் கோலத்தை நிர்ணயிக்கிறது. வசந்தம் பிறந்ததும் சூரியன் மேல்நீரைச் சூடாக்க, சூடான நீர் இலேசானதாகையால் குளிர்ந்த அடிநீரின்மேல் தனிப்படலமாக நிற்க முயல்கிறது. அடித்தரையில் உராய்ந்து எழும் ஓதச்சுழல் மேலே வரை எட்டுமாயின் அப்படலம் நிலைப்பதில்லை. எட்டாவிடில் இலையுதிர்காலம் வரை அது கலையாமல் இருக்கிறது. இவ்விரண்டில் எது நேரும் என்பதை மேனாய் நீரிணையின் கரையிலிருந்த வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் சிம்ப்ஸன், ஹன்ட்டர் என்னும் இருவரும் 1974-இல் ஒரே விகிதத்தில் அடக்கிக் காட்டினர்: நீரின் ஆழத்தை, ஓட்டத்தின் வேகத்தை மும்மடி பெருக்கி வந்த எண்ணால் வகுக்கவேண்டும், அவ்வளவே. வேகம் இரட்டித்தால் கலக்கும் வலிமை எட்டு மடங்காகிறது. அந்த விகிதம் ஒரு குறிப்பிட்ட அளவைக் கடக்கும் இடத்தில், கலந்த நீருக்கும் படலமாய் நிற்கும் நீருக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு உருவாகிறது. கோட்டின் இருபுறத்திலும் மேல்நீரின் உஷ்ணம் சில பாகைகள் வேறுபடுவதால், ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் வெப்பப் படங்களிலும் அது தெளிவாகத் தெரிந்தது. 1978-இல் பிங்க்ரீயும் கிரிஃபித்ஸும் பிரிட்டிஷ் தீவுகளைச் சூழ்ந்த கடற்பரப்பு முழுவதிலும் அத்தகைய எல்லைகளைக் கணக்கினாலேயே வரைந்து காட்டினர்.

மேற்கு ஐரிஷ் கடலில் இவ்வெல்லைக்குள் அடங்குவது, பீச்சி ஓட்டமில்லை என்று குறித்துவைத்த அதே பிரதேசம். ஆழம் மிகுந்து, ஓதத்தின் வேகம் குன்றிய அவ்விடத்தில் மாரிக்காலத்துக் குளிர்நீர் கோடை முழுவதும் அடியில் குவிந்து கிடக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றி இடப்புறமாக ஒரு மெல்லிய நீரோட்டம் வளையமிடுவதை 1990-களில் மிதவைகளை விட்டு அறிந்தனர். ஓட்டம் குறைந்ததனாலேயே அடியில் மென்சேறு படிந்தது; அச்சேற்றில் வளை தோண்டி வாழ்கிறது டப்ளின் விரிகுடா இறால் என்று பெயர்பெற்ற இனம். அதன் குஞ்சுகள் சில வாரங்கள் மேல்நீரில் மிதந்து திரிந்தபின் சேற்றுக்கே மீளவேண்டும். அவை வேறெங்கும் அடித்துச் செல்லப்படாதபடி அவ்வளைய ஓட்டம் தாங்கிக்கொள்கிறது. கில்கீல், போர்ட்டவோகி முதலிய துறைகளின் மீனவக் குடும்பங்கள் தலைமுறையாக நம்பியிருப்பது இந்த இறாலைத்தான்.

டெய்லரின் கணக்கை 1920-இல் உலகத்தின் ஆழமற்ற கடல்கள் அனைத்துக்கும் விரித்த ஜெஃப்ரிஸ், ஓதத்தின் சக்தியெல்லாம் இத்தகைய கடல்களிலேயே தீர்ந்துவிடுகிறது என்று முடிவு கட்டினார். அவர் பேரிங் கடலுக்கு அளித்த பெரும்பங்கு மிகையென்று பின்னர் தெரியவந்தது. 2000-இல், கடல்மட்டத்தை ஆகாயத்திலிருந்து அளந்த செயற்கைக் கோளின் உதவியால் எக்பர்ட்டும் ரேயும் காட்டியபடி, அச்சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கும் மேலானது ஆழ்சமுத்திரத்தில், கடலடி மலைத்தொடர்களின்மேல் ஓதம் மோதும் இடங்களில் செலவாகிறது. அங்கே எழும் உள்ளலைகள் ஆழ்நீரை எந்த அளவுக்குக் கலக்கி மேலேற்றுகின்றன என்னும் ஆராய்ச்சி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.