2013 ஃபிஃபா கடற்கரைக் காற்பந்து உலகக்கோப்பை

2013 ஃபிஃபா கடற்கரைக் காற்பந்து உலகக்கோப்பை என்பது பிரெஞ்சு பொலினீசியாவின் டாகிட்டித் தீவிலுள்ள பப்பேத்தே நகரில் 2013 செப்டம்பர் 18 முதல் 28 வரை நடைபெற்ற பன்னாட்டுக் கடற்கரைக் காற்பந்துப் போட்டித்தொடர் ஆகும். இதில் 16 நாட்டு அணிகள் பங்குபற்றின. இறுதியாட்டத்தில் ரஷ்யா 5–1 என்ற கணக்கில் ஸ்பெயினை வென்றது. 2011 இல் இத்தாலியின் ரவேன்னாவில் நடந்த தொடரிலும் வென்றிருந்த ரஷ்யாவுக்கு இது தொடர்ந்து இரண்டாவது பட்டமாகும்.

விளையாட்டு முறை

கடற்கரைக் காற்பந்து மணல் பரப்பில் வெறுங்காலுடன் ஆடப்படுகிறது. ஒவ்வோர் அணியிலும் இலக்குக் காவலர் உட்பட ஐந்து பேர் களத்தில் இருப்பர். ஆட்டம் தலா 12 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். ஆட்டம் சமநிலையில் முடிவதில்லை. கூடுதல் நேரத்திலும் வெற்றி தோல்வி தெரியாவிடில் தண்ட உதைகள் மூலம் முடிவு காணப்படும்.

தகுதிச் சுற்றுகள்

போட்டியை நடத்தும் நாடு என்பதால் டாகிட்டி நேரடியாகத் தகுதி பெற்றது. எஞ்சிய 15 இடங்கள் ஆறு கண்டக் கூட்டமைப்புகளுக்கிடையே பகிரப்பட்டன.

* ஐரோப்பா (4 இடங்கள், மாஸ்கோ, 2012 ஜூலை): ரஷ்யா, ஸ்பெயின், உக்ரைன், நெதர்லாந்து
* தென்னமெரிக்கா (3 இடங்கள், அர்ஜென்டினா, 2013 பெப்ரவரி): அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே
* ஆசியா (3 இடங்கள், தோகா, 2013 ஜனவரி): ஈரான், ஜப்பான், ஐக்கிய அரபு அமீரகம்
* ஆப்பிரிக்கா (2 இடங்கள், மொரோக்கோ, 2013 மே): செனகல், ஐவரி கோஸ்ட்
* வட, நடு அமெரிக்கா, கரிபியன் (2 இடங்கள், நாசோ, பகாமாசு, 2013 மே): ஐக்கிய அமெரிக்கா, எல் சல்வடோர்
* ஓசியானியா (1 இடம், நியூ கலிடோனியா, 2013): சொலமன் தீவுகள்

பெருங்காற்பந்தில் தகுதியாட்டங்கள் பல மாதங்கள் நீடிக்கும். அணிகள் தம் சொந்த மண்ணிலும் எதிரணியின் மண்ணிலும் மாறி மாறி ஆடும். கடற்கரைக் காற்பந்தில் அவ்வாறின்றி, ஒரு கண்டத்தின் அணிகள் யாவும் ஓரிடத்தில் கூடிச் சில நாட்களிலேயே தகுதியை முடிவு செய்கின்றன. இதனால் ஒரே ஒரு தோல்வியும் வலுவான அணியை வெளியேற்றிவிடக்கூடும். 2011 தொடரில் மூன்றாமிடம் பெற்ற போர்த்துகல் மாஸ்கோவில் தகுதி பெறத் தவறியது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

குழுக்கள்

* குழு அ: டாகிட்டி, ஸ்பெயின், ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம்
* குழு ஆ: அர்ஜென்டினா, எல் சல்வடோர், நெதர்லாந்து, சொலமன் தீவுகள்
* குழு இ: பிரேசில், ஈரான், உக்ரைன், செனகல்
* குழு ஈ: ரஷ்யா, ஜப்பான், பராகுவே, ஐவரி கோஸ்ட்

ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடங்களைப் பெற்ற அணிகள் காலிறுதிக்கு முன்னேறின.

டாகிட்டியின் ஆட்டம்

டாகிட்டி அணி, ஏறத்தாழ 2,70,000 மக்களைக் கொண்ட பிரெஞ்சு பொலினீசியா முழுவதையும் சார்ந்தது. இத்தொடருக்கு மூன்று மாதங்களுக்கு முன், 2013 ஜூனில் பிரேசிலில் நடந்த கூட்டமைப்புகள் கோப்பையில் டாகிட்டியின் பெருங்காற்பந்து அணி நைஜீரியாவிடம் 6–1, ஸ்பெயினிடம் 10–0, உருகுவேயிடம் 8–0 எனத் தோற்றிருந்தது. மணற்களத்தில் நிலைமை வேறாக இருந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆஞ்செலோ ஸ்கிரின்சியின் பயிற்சியில் ஆடிய கடற்கரை அணி, முதற்சுற்றைக் கடந்து காலிறுதியில் அர்ஜென்டினாவை 6–1 என வென்றது. கடற்கரைக் காற்பந்து உலகக்கோப்பையின் அரையிறுதியை எட்டிய முதல் ஓசியானிய அணி இதுவே.

அரையிறுதியில் டாகிட்டி ரஷ்யாவிடமும், பிரேசில் ஸ்பெயினிடமும் தோற்றன. மூன்றாமிடத்துக்கான ஆட்டம் 7–7 எனச் சமநிலையடைய, தண்ட உதைகளில் பிரேசில் வென்றது. டாகிட்டி நான்காமிடம் பெற்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து பிரேசிலின் புரூனோ சேவியருக்கு வழங்கப்பட்டது. மிகுந்த கோல்கள் அடித்தவருக்கான தங்கக் காலணியை ரஷ்யாவின் திமீத்ரி சீசின் பெற்றார்.

பின்விளைவு

2015 தொடர் போர்த்துகலின் எஸ்பின்யோ நகரில் நடைபெற்றது. முந்தைய முறை தகுதியே பெறாத போர்த்துகல், நடத்தும் நாடாக நேரடி இடம் பெற்று இறுதியாட்டத்தில் டாகிட்டியை 5–3 என வென்று உலகக்கோப்பையைக் கைப்பற்றியது. 2017 இல் பகாமாசில் நடந்த தொடரிலும் டாகிட்டி இறுதியாட்டத்தை எட்டி, பிரேசிலிடம் 6–0 எனத் தோற்று இரண்டாமிடம் பெற்றது.